உவரிக் கடலின் பார்களும் வெயில் மினுக்கமும்: ஒரு செய்முறைப் பதிவு

திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் பல கிடக்கின்றன. கடலுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். மீன் அடைகிற இடம் அது. வலை மாட்டிக் கிழிகிற இடமும் அதுதான். என் தாய்மாமாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். கப்பல் மாதா கோயில் எந்தக் காற்றாலைக்கு நேரே வந்தால் வள்ளத்துக்குக் கீழே பார் இருக்கும் என்று கரையைத் திரும்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு அவரோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் எண்ணம். மூன்று, நான்கு பாகம் ஆழத்தில் கரைக்குக் கிட்டத்தில் இருக்கிற பார்களையாவது இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் கண்டு ஒரு வரைபடம் ஆக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட ஆறடி. வேலையில் பெரும்பகுதி கடலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலோடுதான் போனது. இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான். கடல் படங்களோடு மல்லுக்கட்டப் போகிற வேறு யாருக்காவது இது உதவும் என்று நம்புகிறேன்.

படங்கள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 கோள்கள் எடுத்தவை. முதல் கோள் 2015 ஜூனிலும், அடுத்தது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு தடவை கடக்கும்போது 290 கிலோமீட்டர் அகலத்தைப் படம் பிடிக்கின்றன. நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய நான்கு ஒளிப் பட்டைகளில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். கோள் கடக்கிற நேரம் எப்போதும் அந்த இடத்துச் சூரிய நேரப்படி காலை 10:30-ஐ ஒட்டியே இருக்கும். நம் கடிகாரம் 82.5 டிகிரி நெடுவரையை வைத்து ஓடுகிறது. உவரி இருப்பது 77.9 டிகிரியில். அதனால் நமக்கு அது பத்தே முக்கால், பத்து ஐம்பது மணி. வரைபட வேலைக்கு மென்பொருள் கியூஜிஐஎஸ், அதோடு கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் கால்க். சாதாரண மடிக்கணினி போதும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் இரண்டு. 2022 ஜனவரி 25-க்குப் பிறகு தயாரான படங்களில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டு 10000-ஆல் வகுத்தால்தான் உண்மையான எதிரொளிப்பு, அதாவது விழுந்த வெளிச்சத்தில் திரும்பி வருகிற பங்கு, கிடைக்கும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால் கடல் திடீரென்று வெளுத்த மாதிரி தெரியும். அப்புறம், 78 டிகிரி நெடுவரை உவரிக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் போகிறது. வரைபட மண்டலம் அங்கே 43-லிருந்து 44-க்கு மாறுகிறது. வடக்கே மணப்பாடு வரை வேலையை நீட்டுவதென்றால் படங்களை ஒரே மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் திறந்தது ஏப்ரல் மாதத்துப் படம். மேகம் துளியும் இல்லை. கரையில் பனங்காடு, தேரி மண், காற்றாலைகளின் நிழல் எல்லாம் துல்லியம். ஆனால் கடல் முழுக்க ஈய நிறத்தில் நரைத்துக் கிடந்தது. கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதி, தொலைவில் இருக்கிற ஆழமான பகுதி என்ற வித்தியாசமே இல்லை. படத்தைச் சிறிதாக்கி மன்னார் வளைகுடா முழுவதையும் பார்த்தால், பத்தமடைப் பாயின் வரிகளைப் போல ஒரு வெளிர் பட்டை, ஒரு மங்கல் பட்டை என்று மாறி மாறி ஓடியது. ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலம்.

அந்தப் பட்டைகள்தான் முதல் துப்பு. சென்டினல்-2 கேமராவில் 12 உணர்விகள் இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை சற்று முன்னோக்கியும் இன்னொரு வரிசை சற்றுப் பின்னோக்கியும் பார்க்கிறது. வித்தியாசம் சில டிகிரிதான். வயலையோ வீட்டையோ சில டிகிரி தள்ளிப் பார்த்தால் பிரகாசத்தில் சொல்லும்படி மாற்றம் இராது. தண்ணீரில் கலங்கல் இருந்தாலும், மேலே புழுதியோ பனிமூட்டமோ இருந்தாலும்கூட இப்படிப் பட்டை பட்டையாகத் தெரியாது. பார்க்கிற கோணம் கொஞ்சம் மாறினாலே பிரகாசம் மாறுகிறது என்றால் அது கண்ணாடி வேலை. கடல் வெயிலைக் கோளின் கண்ணில் அடித்துக்கொண்டிருக்கிறது.

கோணம்

தட்டையான கண்ணாடியில் வெயில் எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் ஏறிப் போகும். பத்தே முக்கால் மணிக்குச் சூரியன் கிழக்கே நிற்கிறது. தெறித்த வெயில் மேற்கே ஏறுகிறது. அது கோளின் கண்ணில் பட வேண்டுமானால், கோள் அந்த இடத்துக்கு மேற்கே இருக்க வேண்டும். அதாவது, கோள் போகிற தடத்துக்குக் கிழக்கே கிடக்கிற கடல்தான் அதிகம் மினுங்கும். 290 கிலோமீட்டர் அகலப் படத்தில் கிழக்கு ஓரம் மோசமாகவும் மேற்கு ஓரம் தெளிவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடல் தட்டைக் கண்ணாடி இல்லை. சிறு சிறு சாய்வான முகங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தது அது. எந்த முகம் சூரியனுக்கும் கோளுக்கும் நட்டநடுவே நிமிர்ந்து நிற்கிறதோ அது மினுங்கும். ஆகவே, கேள்வி இதுதான்: கோளின் பார்வைக்கு வெயிலைத் திருப்ப ஓர் அலைமுகம் எவ்வளவு சாய வேண்டும்?

உவரி 8.3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நம் நேர் தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் கோள் கடக்கும்போது சூரியன் உச்சியிலிருந்து 22 டிகிரிதான் சாய்ந்திருக்கும். கோள் நேர் கீழே பார்க்கிறது என்றால் அலைமுகம் அதில் பாதி, 11 டிகிரி சாய்ந்தால் போதும். படத்தின் கிழக்கு ஓரத்தில் கோள் ஏறக்குறைய 10 டிகிரி சாய்வாகப் பார்க்கிறது. அங்கே 6 டிகிரி சாய்வே போதும். மேற்கு ஓரத்தில் 16 டிகிரி வேண்டும். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தென்கிழக்கே 39 டிகிரி சாய்ந்துவிடும். அப்போது நேர் கீழே பார்த்தால்கூட அலைமுகம் 19 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். இந்தக் கோணங்களை யாரும் கையால் அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தோடும் வருகிற எக்ஸ்எம்எல் கோப்பில் சூரியன் நிற்கிற கோணமும் ஒவ்வொரு உணர்வி பார்க்கிற கோணமும் தனித்தனியாக எழுதியிருக்கும்.

மொட்டைமாடியில் ஒரு கடல்

காகிதத்தில் போட்ட கணக்கை நம்புவதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் இரவு நேரத்தில் இதைச் செய்தேன். கொத்தனார்கள் சாந்து குழைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் சட்டியில் தண்ணீர் ஊற்றினேன். சட்டி கறுப்பாக இருப்பது முக்கியம்; அடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வரக் கூடாது. எல்இடி டார்ச்சை ஒரு கம்பில் கட்டி, பாகைமானியில் நூலும் சிறு எடையும் தொங்கவிட்டு, செங்குத்திலிருந்து 22 டிகிரிக்குச் சரித்தேன். போனை இன்னொரு கம்பில் கட்டி, புரோ முறையில் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டேன். பூட்டாவிட்டால் போன் தானாகவே பிரகாசத்தைச் சரிசெய்துகொள்ளும், ஒப்பிடவே முடியாது. காற்றுக்கு மேசை விசிறி.

தண்ணீர் அசையாமல் இருக்கும்போது போன் சரியாக எதிர்ப்பக்கம் 22 டிகிரியில் இருந்தால் கண் கூசுகிற ஒரே ஒரு புள்ளி. அங்கிருந்து கொஞ்சம் நகர்த்தினால் கறுப்பு மட்டும்தான். விசிறியைப் போட்டதும் அந்தப் புள்ளி நூறாக உடைந்து சட்டி முழுக்கப் பரவியது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்க்க விரும்பியது அடுத்தது. போன் 22 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது விசிறியைப் போட்டால் படத்தின் சராசரிப் பிரகாசம் குறைகிறது. போனைத் தள்ளி நிறுத்திவிட்டு விசிறியைப் போட்டால் பிரகாசம் கூடுகிறது. அதே காற்று, அதே தண்ணீர். பார்க்கிற இடம் மட்டும் வேறு, விளைவு தலைகீழ். கடல் படம் ஒன்றைப் பார்த்து, "இங்கே வெளுப்பாக இருக்கிறது, ஆகவே காற்று அதிகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வெயில் கண்ணாடியில் வருகிற போலரைசர் தாளைக் கேமராவில் வைத்துவிட்டால் போதாதா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழுதான கால்குலேட்டர் திரையிலிருந்து அந்தத் தாளை உரித்துப் போனின் கேமராவுக்கு முன்னால் வைத்துச் சுழற்றினேன். டார்ச்சையும் போனையும் நன்றாகத் தாழ்த்தி, வெளிச்சம் 53 டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்படி வைத்தால் மினுக்கம் அப்படியே அணைந்துவிடுகிறது. 22 டிகிரியில் தாளை எப்படிச் சுழற்றினாலும் மினுக்கம் கொஞ்சம் கூடிக் குறைகிறதே தவிர அணைவதில்லை. நீரில் பட்ட ஒளி 53 டிகிரியில்தான் முழுக்க ஒரே திசையில் அதிர்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் அந்தக் குணம் மிகக் குறைவு. ஆகவே மேலிருந்து நேராகக் கீழே பார்க்கிற கோளுக்கு இந்த வைத்தியம் உதவாது.

எண்கள்

கடலில் எத்தனை சாய்வு எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை அளந்து வைத்தவர்கள் சார்லஸ் காக்ஸும் வால்டர் மங்க்கும். 1951-இல் ஹவாய்த் தீவுகளுக்குப் பக்கத்தில் விமானத்திலிருந்து கடலின் மினுக்கத்தைப் படம் எடுத்து, அதன் பிரகாசத்திலிருந்து அலைச் சாய்வுகளைக் கணக்கிட்டு, 1954-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தந்த விதி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, 0.00512-ஆல் பெருக்கி, 0.003 கூட்டினால் சாய்வுகளின் சராசரி இருமடி கிடைக்கும். எழுபது ஆண்டுகள் கழித்தும் உலகம் முழுக்க இதே விதியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இதைக் கால்க்கில் போட்டு, செங்குத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சுமார் 2 விழுக்காடு ஒளியைத் திருப்பும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டேன். ஏப்ரல் மாதம், சூரியன் 22 டிகிரி. காற்று வினாடிக்கு 2 மீட்டர் என்ற மெல்லிய நிலையில், படத்தின் கிழக்கு ஓரத்தில் மினுக்கம் மட்டுமே 19 விழுக்காடு எதிரொளிப்பு. காற்று 10 மீட்டர் ஆனால் அது 9 விழுக்காடாகக் குறைகிறது. மேற்கு ஓரத்தில் தலைகீழ்: 2 மீட்டர் காற்றில் 0.1 விழுக்காடு, 10 மீட்டர் காற்றில் 2.7 விழுக்காடு. சட்டியில் பார்த்த அதே குறுக்கு மாற்றம் எண்ணிலும் வந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இனி நமக்கு வேண்டிய கேள்வி. காற்று 5 மீட்டர், கோள் நேர் கீழே பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏப்ரலில் மினுக்கம் 5.7 விழுக்காடு. ஜனவரி கடைசியில் சூரியன் 34 டிகிரி, மினுக்கம் 1 விழுக்காடு. டிசம்பர் 21-இல் 0.4 விழுக்காடு. ஆழமான தெளிந்த கடலுக்குள்ளிருந்து வெளியே வருகிற பச்சை ஒளி ஒரு விழுக்காட்டுக்குள்தான். நாம் தேடுகிற பாரின் நிழல் அதிலும் ஒரு சிறு பகுதி. ஏப்ரல் படத்தில் அதைத் தேடுவது ஏன் அவ்வளவு சிரமம் என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

சென்டினல்-2 தடங்கள் நம் பக்கத்தில் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் இடைவெளியில் விழுகின்றன. படத்தின் அகலம் 290. ஒன்றன்மேல் ஒன்று படிகிற பகுதி மிகச் சிறியது. ஐரோப்பாவில் இருக்கிறவர்களைப் போல, பக்கத்துத் தடத்தின் படத்தை எடுத்துப் பார்க்கலாம் என்கிற வசதி நமக்குப் பெரும்பாலும் கிடையாது. பார்க்கிற கோணம் கிட்டத்தட்ட மாறாது. நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது மாதத்தை மட்டும்தான்.

கழித்தல்

சரி, மினுக்கம் படிந்த படத்திலிருந்து அதைக் கழிக்க முடியுமா? ஜான் ஹெட்லியும் உடன் இருவரும் 2005-இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. அதன் அடிப்படை, தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பது. 842 நானோமீட்டர் ஒளி ஒரு மீட்டர் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்படியானால் கடல்மேல் அகச்சிவப்புப் பட்டையில் தெரிகிற வெளிச்சம் எல்லாம் மேற்பரப்பிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தது; உள்ளிருந்து வந்தது அல்ல.

இதையும் சோதித்துப் பார்த்தேன். பழைய வெப்கேம் ஒன்றைத் திறந்து, வில்லைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அகச்சிவப்பைத் தடுக்கிற சிறு கண்ணாடியை எடுத்துவிட்டேன். முன்னால், கழுவிய பழைய கலர் பிலிமின் கறுத்த நுனியை வெட்டி வைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற ஒளியை அது நிறுத்திவிடும், அகச்சிவப்பை விடும். நீல நிறத் தண்ணீர் டிரம்மில் இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டைப் போட்டு உச்சி வெயிலில் பார்த்தேன். போனில் டைல்ஸ் பளிச்சென்று தெரிகிறது. வெப்கேமில் மங்கிய ஒரு நிழல் மட்டும். முழுக்க மறையாததற்குக் காரணம், வெப்கேம் 842-ஐ மட்டும் பார்க்கவில்லை. 750-ஐ ஒட்டிய ஒளியையும் வாங்குகிறது, அதைத் தண்ணீர் அவ்வளவு கடுமையாக விழுங்குவதில்லை. கோளின் பட்டைக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

செய்முறை இதுதான். படத்தில் ஆழமான கடல் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குள் மினுங்குகிற இடமும் மினுங்காத இடமும் கலந்து இருக்க வேண்டும். வள்ளம், மேகம், நுரை எதுவும் இருக்கக் கூடாது. அங்கே சில நூறு புள்ளிகளில் அகச்சிவப்பு எண்ணையும் நீல எண்ணையும் எடுத்துக் கால்க்கில் போட்டு, ஸ்லோப் வாய்பாட்டால் சரிவை, அதாவது அகச்சிவப்பு ஒன்று கூடினால் நீலம் எவ்வளவு கூடுகிறது என்பதை, காண வேண்டும். பச்சைக்கும் சிவப்புக்கும் இதேபோல. பிறகு படம் முழுவதிலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அகச்சிவப்பிலிருந்து அந்தப் பகுதியின் மிகக் குறைந்த அகச்சிவப்பைக் கழித்து, சரிவால் பெருக்கி, வருவதை அந்தந்த நிறத்திலிருந்து கழித்துவிட வேண்டும். கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரு வரி வேலை. சரிவுகள் எல்லாமே 1-ஐ ஒட்டி வந்தன. நீரின் ஒளிவிலகல் எண் நீலத்துக்கும் அகச்சிவப்புக்கும் இடையே பெரிதாக மாறுவதில்லை, ஆகவே மினுக்கம் எல்லா நிறத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சரிவு 1-லிருந்து வெகுதூரம் விலகி வந்தால், தேர்ந்தெடுத்த பகுதியில் கலங்கலோ மேக விளிம்போ புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பலன்? நீலமும் பச்சையும் நன்றாகத் தெளிந்தன. பாய் வரிகள் ஏறக்குறைய போய்விட்டன. கரையை ஒட்டிய மணல், அதற்கு அப்பால் ஆழம் கூடுவது, நடுவே கருந்திட்டுகள் எல்லாம் மேலே வந்தன. சிவப்பு மட்டும் தெளியவில்லை. அலைகள் இருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு கறுப்பு, ஒரு வெளுப்பு என்று இரட்டைக் கோடு விழுந்தது. காரணம் சுவையானது. சென்டினல்-2 எல்லா நிறத்தையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை. நீலத்தை எடுத்து 0.26 வினாடி கழித்து அகச்சிவப்பு, 0.53 வினாடியில் பச்சை, ஒரு வினாடி ஆனதும் சிவப்பு. பத்து வினாடிக்கு ஒரு தடவை வருகிற அலை ஆழ்கடலில் வினாடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடும். அகச்சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் அது 4 மீட்டர் நகர்கிறது, பாதிப் புள்ளிகூட இல்லை. சிவப்பு எடுப்பதற்குள் 11 மீட்டர் நகர்ந்துவிடுகிறது, ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டது. அங்கே இல்லாத மினுக்கத்தைக் கழித்தால் இரட்டைக் கோடுதான் வரும். பார் தேடச் சிவப்பு அவ்வளவு தேவையில்லை. தண்ணீருக்குள் அதிக ஆழம் போவதும் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

கரையோரம் இந்த முறைக்கு ஒத்துவராது. இடுப்பளவுக்கும் குறைந்த ஆழத்தில் மணலிலிருந்தே கொஞ்சம் அகச்சிவப்பு திரும்பி வரும். அலை உடைகிற நுரையும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கிளம்புகிற கலங்கலும் அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும். இவற்றையெல்லாம் மினுக்கம் என்று எடுத்துக் கழித்தால் கரைநீர் எதிர்மறை எண்ணுக்குப் போய்விடும். வள்ளம் நிற்கிற இடத்தில் கறுப்பு ஓட்டை விழும். கலங்கல் நீருக்கு 1610 நானோமீட்டர் பட்டையை வைத்துக் கழிப்பது மேல். கலங்கிய தண்ணீர்கூட அந்த ஒளிக்குக் கறுப்புதான். ஆனால் அதில் புள்ளி 20 மீட்டர், எடுக்கும் நேரமும் பச்சைக்குப் பின் ஏறக்குறைய ஒரு வினாடி. அலைகள் பெரிதாக இல்லாத நாட்களில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

மாமா பார்த்தது

தெளிந்த படத்தையும், தெளிவிக்காத ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவிடம் காட்டினேன். தெளிந்த படத்தில் கருந்திட்டு ஒன்றைப் பார்த்ததும், கரையில் கோயிலைத் தேடி விரலால் கோடு இழுத்து, "இது கரைப்பார்தான் மாப்ள" என்றார். இன்னும் சில திட்டுகளை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது பார் இல்ல, பாசி. அடுத்த மழைக்கு இருக்காது." வரைபடத்தில் அவற்றைத் தனி நிறத்தில் குறித்திருக்கிறேன்.

அவர் அதிக நேரம் பார்த்தது ஏப்ரல் படத்தைத்தான். அதில் நெளிந்து நெளிந்து போகிற ஒரு வெளிர் வரியில் விரலை வைத்தார்.

"இங்க நீவாடு மடங்குது மாப்ள. இந்த வரியோரத்துலதான் நுரையும் அழுக்கும் வந்து சேரும். சாளை அங்கதான் நிக்கும். இத ஏன் அழிச்ச?"

கழித்த படத்தில் அந்த வரி சுத்தமாக இல்லை. நீவாடு என்பது நீரோட்டம். இரண்டு நீரோட்டங்கள் சேருகிற இடத்தில் கடலின் மேல் மிதக்கிற எண்ணெய்ப் பசை திரண்டு சிற்றலைகளை அடக்கிவிடும். காக்ஸும் மங்க்கும் கடலில் எண்ணெய் ஊற்றியே இதை அளந்திருக்கிறார்கள். சாய்வுகளின் இருமடி இரண்டு, மூன்று மடங்கு குறைந்தது. அடங்கிய கடல், மினுக்கத்தின் நடுப்பகுதியில் வெளிர் வரியாகவும், வெளிப்பகுதியில் கறுத்த வரியாகவும் தெரியும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பரவிய படலத்தை நாசாவின் மோடிஸ் கருவி அத்தனை தெளிவாகக் காட்டியதும் இந்த மினுக்கத்தின் உதவியால்தான். அன்று முதல் மூலப்படத்தை ஒரு தனி அடுக்காகவே வைத்துக்கொள்கிறேன். அதிலிருந்து அலையின் இடைவெளியையும் அளக்கலாம். ஆழ்கடலில் இரண்டு முகடுகளுக்கு நடுவே 156 மீட்டர் இருந்தால் அது பத்து வினாடி அலை. 300 மீட்டரைத் தாண்டினால் பதினான்கு வினாடி அலை. காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறுகிற கள்ளக்கடலைக் கொண்டுவருவது தெற்கே வெகுதூரத்திலிருந்து வருகிற இப்படிப்பட்ட நீண்ட அலைகள்தான்.

கடலைப் பார்க்கிற பெரிய செயற்கைக்கோள்கள் இதே கணக்கைப் பிறக்கும்போதே போட்டுவிட்டுத்தான் வருகின்றன என்பதை அறிந்தபோது மரியாதை கூடியது. நம் ஓஷன்சாட் கோள்களின் கடல்நிறக் கருவி நண்பகலில் கடக்கிறது, மினுக்கத்துக்கு மிக மோசமான நேரம். அதனால் கருவியையே முன்னோ பின்னோ 20 டிகிரி சாய்த்துப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஹைதராபாத்திலிருந்து இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தருகிற மீன்வளப் பகுதி அறிவிப்புகளுக்கு இத்தகைய கடல்நிறத் தரவுகள் ஓர் அடிப்படை. உவரி வள்ளங்களுக்கும் அந்த 20 டிகிரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-3 கருவி மேற்குப் பக்கமாக 12.6 டிகிரி சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது. மொட்டைமாடிக் கணக்கு சொன்ன அதே திசை. நாசாவின் ஓசிஓ-2 இதற்கு நேர்மாறு. 2014-இல் ஏவப்பட்ட அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. அதற்கு வேண்டிய அகச்சிவப்பில் கடல் கறுப்பு என்பதால், கடல்மேல் போகும்போது மினுங்குகிற இடத்தைத் தேடியே திரும்புகிறது.

இப்போது பார் வரைபடத்துக்கு நான் எடுப்பது ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான படங்கள், அதாவது தை மாதம். டிசம்பரில் கோணம் இன்னும் நல்லதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகமும் மழைத் தண்ணீர் கொண்டுவருகிற கலங்கலும் விடுவதில்லை. தையில் வானம் தெளிந்து, சூரியன் இன்னும் 34 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். பல ஆண்டுகளின் தைப் படங்களில் கழித்தலைச் செய்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு எண்ணை எடுத்தால், ஓர் ஆண்டில் மட்டும் வருகிற பாசித் திட்டும் வள்ளங்களும் உதிர்ந்துவிடுகின்றன; எல்லா ஆண்டும் அதே இடத்தில் கிடப்பது மட்டும் நிற்கிறது. மாமாவோடு வள்ளத்தில் போய் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அந்த இடங்களின் ஆழத்தைப் பார்த்து வருகிறோம். கூட்டப்பனையிலிருந்து உவரி வரை ஒரு வரைபடம் ஆகியிருக்கிறது. தெற்கே இடிந்தகரை வரை நீட்டுவதற்கு அங்கே கடலுக்குப் போகிற ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாமா தனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறார்.